காம்படிட்டிவ் புரோகிராமிங்: குமரி மாவட்ட முதலாண்டு மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

பி.இ., பி.எஸ்ஸி., பி.சி.ஏ. என்று எதில் சேர்ந்திருந்தாலும், கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டிலேயே காம்படிட்டிவ் புரோகிராமிங்கைத் தொடங்கிவிடலாம். இணையதளம் கொடுக்கும் கணக்குக்கு, குறித்த நேரத்துக்குள் கோடு (புரோகிராம்) எழுதி அனுப்பும் போட்டி இது; 'ஜட்ஜ்' என்ற தானியங்கி அமைப்பு அதை ஓட்டிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லும். தொடங்குகிறவர்களில் பலர் இரண்டாம் மாதமே விட்டுவிடுகிறார்கள். காரணம் வரிசைதான். செக்மென்ட் ட்ரீ போன்ற மேம்பட்ட டேட்டா ஸ்ட்ரக்சரின் வீடியோவைப் பார்த்து முடித்திருப்பார்கள். எளிய கணக்கு ஒன்றில் 'ராங் ஆன்சர்' வந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தைய படியை நம்பித்தான் நிற்கிறது.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். அதில் விஎஸ் கோட் திணறினால் கோட்::பிளாக்ஸ் அல்லது கீனி போடுங்கள். நோட்டும் பேனாவும் கட்டாயம். கணக்கின் பாதி வேலை தாளில்தான் நடக்கிறது.

இஃப், லூப், ஃபங்ஷன், அரே, ஸ்ட்ரிங் இவ்வளவும் தடுமாறாமல் எழுத வர வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு சி++ ஏற்கெனவே அறிமுகம். பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவர்கள் முதல் மூன்று வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். இதைத் தாண்டி ஓடினால் பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும். ஞாயிறு ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் உட்காருவதைவிட தினம் ஒரு மணி நேரம் நல்லது. விட்ட இடத்தை மனம் பின்னணியில் யோசித்துக்கொண்டே இருக்கும்.

தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. கணக்குகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நாற்பது, ஐம்பதுதான். அவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 'சப்அரே' என்றால் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வரும் பகுதி. 'சப்சீக்வன்ஸ்' என்றால் வரிசை மாறாமல், நடுவில் சிலதை விட்டுவிட்டு எடுக்கலாம். 'அட்மோஸ்ட்' என்றால் அதிகபட்சம், 'அட்லீஸ்ட்' என்றால் குறைந்தபட்சம். 'நான்-டிக்ரீசிங்' என்றால் சமமாகவும் இருக்கலாம், குறையக் கூடாது. இதில் ஒன்றைத் தப்பாகப் பிடித்தால் கோடு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

## 2. மொழி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

சி++ எடுங்கள். வேகம் ஒரு காரணம். சார்ட், மேப், செட், பிரையாரிட்டி க்யூ எல்லாம் எஸ்டிஎல் என்ற சி++ நூலகத்தில் தயாராக இருப்பது இன்னொன்று. கணக்குகளின் தீர்வை விளக்கும் விளக்கவுரைகளில் (எடிட்டோரியல்) பெரும்பாலும் சி++ கோடுதான் இருக்கும் என்பது மூன்றாவது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் சிஎஸ்இ மாணவர்களுக்கு முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், நான்காவதில் அல்காரிதம்ஸ் என்று இருந்தது. அப்படிப் பாடத்தில் வரும்வரை காத்திருந்தால் இரண்டு வருடம் போய்விடும். பாடத்துக்குத் தனியாகப் படியுங்கள், இதற்குத் தனியாக ஓடுங்கள்.

பைத்தான் மட்டுமே வரும் என்றால் அதிலேயே தொடங்கலாம். சப்மிட் செய்யும்போது பைபை கம்பைலரைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண பைத்தானைவிட லூப்கள் பல மடங்கு வேகமாக ஓடும். ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1000-இல் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதத்துக்கு ஒரு மொழி மாறுவதுதான் பெரிய நேர விரயம்.

## 3. கம்பைலரை உங்கள் மெஷினிலேயே போடுங்கள்

விண்டோஸ் என்றால் எம்சிஸ்2 வழியாக ஜிசிசி, லினக்ஸ் என்றால் டெர்மினலில் ஜி++. ஆன்லைன் கம்பைலரை நம்ப வேண்டாம். குலசேகரம், திருவட்டார் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போனால் நெட்டும் சேர்ந்து போகும். கம்பைலர் லேப்டாப்பில் இருந்தால் பேட்டரியில் எழுதிப் பார்த்துவிட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சப்மிட் மட்டும் செய்யலாம். அதற்குக் கொஞ்சம் டேட்டா போதும்.

கல்லூரி லேபில் டர்போ சி++ பழகியவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. அதில் இன்ட் 16 பிட். 32,767-க்கு மேல் தாங்காது. கிளியர்ஸ்கிரீன், வாய்ட் மெயின் இரண்டும் ஜட்ஜில் கம்பைல் எர்ரர் கொடுக்கும்; கோனியோ ஹெடர், கெட்சிஎச் இரண்டும் பல ஜட்ஜ்களில் ஓடாது. மெயின் ஃபங்ஷன் இன்ட் வகையாகவே இருக்க வேண்டும்.

ஒரு டெம்ப்ளேட் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா நூலகங்களையும் ஒரே வரியில் சேர்க்கும் பிட்ஸ் ஹெடர், நேம்ஸ்பேஸ் வரி, வேகமான இன்புட்டுக்கான இரண்டு வரி, ஒரு சால்வ் ஃபங்ஷன், அதை டெஸ்ட் கேஸ் எண்ணிக்கைப்படி அழைக்கும் லூப். இருபது வரிக்குள் முடிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இருநூறு வரி மேக்ரோ டெம்ப்ளேட்டை எடுத்து ஒட்டினால், தப்பு வரும்போது உங்கள் கோடை உங்களாலேயே வாசிக்க முடியாது.

## 4. முதல் சப்மிஷன்

கோட்ஃபோர்சஸ் என்ற போட்டித் தளத்தில் அக்கவுண்ட் திறங்கள். இதே போன்ற தளங்களான அட்கோடர், கோட்செஃப் இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் கணக்காக 'வாட்டர்மெலன்' (கணக்கு எண் 4ஏ) போடுங்கள். தர்பூசணியின் எடை 1 முதல் 100 கிலோ. இரண்டு துண்டாக்கி, இரண்டும் இரட்டைப்படை கிலோவாக இருக்க முடியுமா என்பது கேள்வி. இரட்டை எண் என்றால் 'யெஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டு, 'ராங் ஆன்சர்' வாங்குவார்கள். 2 கிலோவை 1, 1 என்றுதான் பிரிக்க முடியும். எல்லையில் இருக்கும் மதிப்பைத் தனியாகப் பார்க்கும் பழக்கம் இங்கேயே தொடங்கட்டும்.

லேப் பழக்கத்தில் 'எண்ணை உள்ளிடவும்' என்று பிரிண்ட் செய்துவிடாதீர்கள். ஜட்ஜ் உங்கள் அவுட்புட்டைச் சரியான விடையோடு ஒப்பிடுகிறது. கேட்டதற்கு மேல் ஒரு சொல் இருந்தாலும் தப்புதான்.

தீர்ப்புகளின் அர்த்தம்: 'ராங் ஆன்சர்' என்றால் விடை தப்பு, 'டைம் லிமிட்' என்றால் முறை மெதுவானது அல்லது லூப் முடியவே இல்லை, 'ரன்டைம் எர்ரர்' என்றால் பெரும்பாலும் அரேயின் எல்லையைத் தாண்டியது அல்லது பூஜ்யத்தால் வகுத்தது, 'மெமரி லிமிட்' என்றால் அளவுக்கு மீறிய அரே.

## 5. ஒரு கணக்கை எந்த வரிசையில் வாசிப்பது

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இது. புதியவர்கள் கதையை வாசித்ததும் டைப் செய்யத் தொடங்குகிறார்கள். சரியான வரிசை வேறு: முதலில் என்ன கேட்கிறார்கள் (அவுட்புட்), அடுத்து எல்லைகள் (உள்ளீடு எவ்வளவு பெரியதாக வரலாம் என்பது), பிறகு கணக்கோடு தரும் மாதிரி உள்ளீடான சாம்பிளைத் தாளில் கையால் போட்டுப் பார்ப்பது, கடைசியில்தான் கோடு.

எல்லைகள் ஏன் முன்னால் வர வேண்டும்? எந்த முறை ஓடும், எது ஓடாது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். சி++-இல் ஒரு விநாடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டின் அளவு 20 என்றால் எல்லா துணைக்கணங்களையும் பார்த்துவிடலாம். 500 வரை மூன்றடுக்கு லூப், 5,000 வரை இரண்டடுக்கு லூப் தாங்கும். 2,00,000 என்றால் சார்ட்டிங், பைனரி சர்ச், மேப், ப்ரீஃபிக்ஸ் சம் போன்றவை. 10¹⁸ என்று இருந்தால் லூப் கிடையாது. சூத்திரம் அல்லது பைனரி சர்ச்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். தோவாளைப் பூச்சந்தைக்கு ஒவ்வொரு நாளும் வந்த மல்லிகையின் எடை கிராமில் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாட்கள் 2,00,000 வரை, ஒரு நாளின் எடை 10⁹ வரை. அடுத்து 2,00,000 கேள்விகள்: இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை மொத்தம் எவ்வளவு?

நேரடியாக ஒவ்வொரு கேள்விக்கும் லூப் ஓட்டிக் கூட்டினால், மோசமான நிலையில் 2,00,000 × 2,00,000 = 4,000 கோடி கூட்டல். விநாடிக்கு 10 கோடி என்றால் 400 விநாடி. கொடுத்திருப்பது 2 விநாடி. கோடு எழுதும் முன்பே இந்த முறை செல்லாது என்று தெரிந்துவிட்டது.

மாற்று வழி: முதல் நாளிலிருந்து அந்தந்த நாள் வரைக்கான கூட்டுத்தொகையை ஒரே ஒரு தடவை கணக்கிட்டு அரேயில் வைப்பது. மேலே சொன்ன ப்ரீஃபிக்ஸ் சம் இதுதான். எடைகள் 4, 7, 1, 9, 3 என்றால் கூட்டுத்தொகை அரே 0, 4, 11, 12, 21, 24. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை என்றால் 21-இலிருந்து 4-ஐக் கழிக்க வேண்டும், விடை 17. சரிபாருங்கள்: 7 + 1 + 9.

இங்கே மூன்று இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, 4-க்குப் பதிலாக 11-ஐக் கழிப்பது. அப்போது இரண்டாம் நாளே விட்டுப்போய் 10 வரும். தொடக்க நாளுக்கு முந்தைய நாள் வரையுள்ள தொகையைத்தான் கழிக்க வேண்டும். அரேயின் முதலில் ஒரு பூஜ்யம் வைப்பது, முதல் நாளிலிருந்து தொடங்கும் கேள்விக்கும் இதே சூத்திரம் பொருந்துவதற்காக.

இரண்டு, இன்ட் வகை. 2,00,000 நாள் × 10⁹ = 2 × 10¹⁴. இன்ட் 2,14,74,83,647 வரைதான் தாங்கும். சுமார் 214 கோடி. லாங் லாங் வேண்டும், அது 9 × 10¹⁸-க்கு மேல் வரை தாங்கும். சாம்பிளில் சின்ன எண்கள் இருப்பதால் சரியாக வரும். பெரிய டெஸ்டில் விடை நெகட்டிவ்வாக மாறி நிற்கும்.

மூன்று, ஒவ்வொரு விடைக்கும் எண்ட்எல் போடுவது. அது ஒவ்வொரு முறையும் பஃபரைக் காலி செய்வதால், 2,00,000 வரியில் நேரம் அங்கேயே போய்விடும். நியூலைன் எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

இதே பாடத்தை 'தியேட்டர் ஸ்கொயர்' (1ஏ) கணக்கில் போட்டுப் பாருங்கள். அதில் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். இரண்டு முழு எண்களை வகுத்துவிட்டு அதன்மேல் சீல் ஃபங்ஷன் போட்டால் பயனில்லை. வகுக்கும்போதே தசமம் வெட்டுப்பட்டுவிடும். வகுபடும் எண்ணோடு, வகுக்கும் எண்ணில் ஒன்று குறைத்துக் கூட்டிவிட்டு வகுங்கள். விடை 10¹⁸ வரை போகும் என்பதையும் எல்லைகளே சொல்லும்.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள், வாசிப்பதையும் யோசிப்பதையும் பஸ்ஸிலேயே முடிக்கலாம். போனில் கணக்கைத் திறந்து எல்லைகளைப் பார்த்து, முறையை முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். கையில் கீபோர்டு இல்லாதது இங்கே நன்மைதான்; யோசிக்காமல் டைப் செய்ய வழியில்லை.

## 6. தப்பு வந்தால் தேடும் வரிசை

'ராங் ஆன்சர்' வந்ததும் ஒரு குறியை மாற்றி மீண்டும் சப்மிட், இன்னொன்றை மாற்றி மீண்டும் சப்மிட் என்று போவது பரவலான பழக்கம். போட்டியில் ஒவ்வொரு தப்புக்கும் அபராதம் உண்டு, கற்றுக்கொள்வதும் ஒன்றுமில்லை. இப்படித் தேடுங்கள்:

- கணக்கை மறுபடி முழுதாக வாசியுங்கள். தப்புகளில் கணிசமானவை வாசிப்பில்தான் இருக்கின்றன.
- மிகச் சின்ன உள்ளீடு, எல்லாம் சமமான உள்ளீடு, இறங்குவரிசை உள்ளீடு மூன்றையும் கையால் கொடுங்கள்.
- பெருக்கலும் கூட்டலும் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் வகை லாங் லாங்தானா? விடையை மட்டும் லாங் லாங் ஆக்கிவிட்டு இரண்டு இன்ட்களைப் பெருக்கினால், பெருக்கும்போதே வழிந்துவிடும்.
- பல டெஸ்ட் கேஸ் உள்ள கணக்கில், முந்தைய கேஸின் மதிப்பு அப்படியே தங்கியிருக்கிறதா?

கடைசியில் சொன்னதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 10,000 டெஸ்ட் கேஸ், எல்லாம் சேர்த்து அளவு 2,00,000 என்று கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு கேஸிலும் 2,00,000 இடமுள்ள அரே முழுவதையும் பூஜ்யமாக்கினால் 200 கோடி செயல். 'டைம் லிமிட்' வந்துவிடும். அந்தக் கேஸுக்கு வேண்டிய அளவை மட்டும் அழியுங்கள்.

இதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். மூன்று புரோகிராம் வேண்டும்: உங்கள் வேகமான தீர்வு, மெதுவானாலும் சந்தேகமில்லாமல் சரியான தீர்வு, ரேண்டம் உள்ளீடு உண்டாக்கும் ஒன்று. இரண்டு தீர்வுகளுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விடை வேறுபடும் வரை லூப்பில் ஓட்டுங்கள். அளவு 1 முதல் 6, மதிப்பு 1 முதல் 10 போதும். உள்ளீடு சின்னதாக இருந்தால்தான் வேறுபாடு வந்ததும் தாளில் போட்டு, எங்கே பிசகியது என்று பார்க்க முடியும். முதல் தடவை இதை அமைக்க அரைமணி நேரம் பிடிக்கும். பிறகு இரண்டு நிமிடம்.

பவ் ஃபங்ஷனை முழு எண்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது டபுள் வகையில் விடை தருகிறது. சுமார் 9 × 10¹⁵-க்கு மேல் போனால் எல்லா முழு எண்களையும் டபுளால் துல்லியமாக வைத்திருக்க முடியாது.

## 7. பாடங்களின் வரிசை

லூப்பும் ஸ்ட்ரிங்கும், சார்ட்டிங், மேப், செட், ப்ரீஃபிக்ஸ் சம், டூ பாயிண்டர்ஸ், பைனரி சர்ச், க்ரீடி, மீப்பெரு பொது வகுத்தி, சல்லடை முறைப் பகா எண்கள், மாடுலோ, ரிகர்ஷன், கிராஃபில் தேடும் முறைகளான பிஎஃப்எஸ், டிஎஃப்எஸ், டைனமிக் புரோகிராமிங். முதல் ஆறு மாதத்துக்கு இது தாராளம். செக்மென்ட் ட்ரீ இல்லாமலேயே கோட்ஃபோர்சஸில் ரேட்டிங் (போட்டிகளில் கிடைக்கும் தரப்புள்ளி) 1400, 1500 வரை போகலாம்.

சிஎஸ்இஎஸ் என்ற இணையதளக் கணக்குத் தொகுப்பில் 'இன்ட்ரொடக்டரி', அதன்பின் 'சார்ட்டிங் அண்ட் சர்ச்சிங்' பகுதிகளைப் போடுங்கள். முதல் பகுதியின் கடைசிக் கணக்குகள் சில கடினமானவை. அங்கேயே நின்றுவிடாமல் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்புங்கள்.

மாடுலோவில் ஒரு குறிப்பு: சி++-இல் நெகட்டிவ் எண்ணின் மீதியும் நெகட்டிவ்வாக வரும். கழித்த பிறகு, எந்த எண்ணால் மீதி எடுக்கச் சொல்கிறார்களோ (பெரும்பாலும் 10⁹ + 7) அதைக் கூட்டி மறுபடி மீதி எடுங்கள்.

## 8. எவ்வளவு கடினமான கணக்கு, எவ்வளவு நேரம்

கோட்ஃபோர்சஸில் கணக்குகளுக்கு 800-இல் தொடங்கி மதிப்பு இருக்கும். 800-இல் நாற்பது, ஐம்பது கணக்கு போடுங்கள். பார்த்ததும் பத்து நிமிடத்தில் முடிகிறது என்றால் 900, 1000 என்று ஏறுங்கள். எளிதாக முடிவதையே எண்ணிக்கைக்காகப் போட்டுக்கொண்டிருந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பாதிக் கணக்குகள் உதவி இல்லாமல் முடிகிற அளவுதான் சரியான கடினம்.

ஒரு கணக்கோடு 40 நிமிடம் போராடுங்கள். அதற்குள் புது யோசனையே வரவில்லை என்றால் விளக்கவுரையின் முதல் குறிப்பை மட்டும் வாசியுங்கள், மூடுங்கள், மறுபடி முயலுங்கள். முழுதும் வாசிக்க நேர்ந்தால், மறுநாள் எதையும் பார்க்காமல் அந்தத் தீர்வை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள்.

## 9. போட்டிகளில் இறங்குவது

முப்பது கணக்கு ஆனதும் இறங்கிவிடுங்கள். தயாரான பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் எழுதுவதே இல்லை. நேர அழுத்தத்தில் யோசிப்பது தனித் திறமை, அது போட்டியில்தான் வரும்.

நேரங்கள் நமக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கின்றன. கோட்செஃப் ஸ்டார்ட்டர்ஸ் புதன் இரவு 8 மணி. கோட்ஃபோர்சஸ் பெரும்பாலும் இரவு 8:05. அட்கோடர் பிகினர் கான்டெஸ்ட் வழக்கமாகச் சனிக்கிழமை மாலை 5:30-க்கு, 100 நிமிடம். சனிக்கிழமை கல்லூரி இருந்தால் காலேஜ் பஸ்ஸில் மாட்டிக்கொள்வீர்கள்; அன்றைக்கு வீடு வந்து அதே போட்டியைத் தனியாக நேரம் வைத்து எழுதுங்கள். நவம்பர் 1, டிசம்பர் 3 கோட்டாறு திருவிழா, சிவராத்திரி போன்ற உள்ளூர் விடுமுறை நாட்களில் கோட்ஃபோர்சஸின் பழைய போட்டி ஒன்றை விர்ச்சுவலாக முழு நேரமும் எழுதலாம்.

கோட்ஃபோர்சஸில் எளிய பிரிவுகளான டிவிஷன் 4, டிவிஷன் 3 இரண்டிலிருந்து தொடங்குங்கள். புது அக்கவுண்டுக்கு முதல் ஆறு போட்டி வரை ரேட்டிங்கோடு கூடுதல் புள்ளி சேரும். அதனால் ஏழாவது போட்டியில் திடீரென்று இறங்கியது போலத் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். உண்மையான அளவு அப்போதுதான் தெரிகிறது.

இந்த இரண்டு டிவிஷனிலும் போட்டி முடிந்து 12 மணி நேரம் மற்றவர்கள் உங்கள் கோடை உடைக்க டெஸ்ட் கொடுக்கலாம். அன்ஆர்டர்ட் மேப்பை மெதுவாக்குவதற்கென்றே எண்களைத் தேர்ந்து கொடுப்பார்கள். சாதாரண மேப் பாதுகாப்பானது.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் விடை பகிர்வது, டெலிகிராமில் விடை வாங்குவது, போட்டி நடக்கும்போது ஏஐ-யிடம் கணக்கைக் கொடுப்பது மூன்றும் விதிமீறல். ஒத்துப்போகும் கோடுகளைக் கண்டுபிடித்து நீக்குகிறார்கள். இரவல் கோடால் வந்த ரேட்டிங் ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடத்திலேயே வெளுத்துவிடும். உங்கள் கோடை ஆன்லைன் கம்பைலரில் பொதுவில் விட்டு வைப்பதும் ஆபத்து. வேறு யாராவது எடுத்தால் நீங்களும் சேர்ந்தே சிக்குவீர்கள்.

## 10. போட்டி முடிந்த பிறகு

போட்டியில் முடிக்காத கணக்குகளில் அடுத்த ஒன்றை மட்டும், இரண்டு நாளுக்குள் முடியுங்கள். மூன்று போட்டிருந்தால் நான்காவது. கடைசிக் கணக்கின் விளக்கவுரையை வாசிப்பது பெருமையாக இருக்கும், உங்கள் நிலைக்கு உதவாது.

நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு வரி: எந்தக் கவனிப்பு கணக்கைத் திறந்தது, எங்கே தவறினேன். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த மாதப் பயிற்சி அந்த இடத்தில் தொடங்க வேண்டும்.

## 11. ஐசிபிசி-க்கு அணி சேர்ப்பது

ஐசிபிசி என்பது கல்லூரி அணிகளுக்கான உலகளாவிய புரோகிராமிங் போட்டி. மூன்று பேர், ஒரே கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். சரியாக முடித்த ஒவ்வொரு கணக்கிலும், அதற்கு முன்பு விட்ட ஒவ்வொரு தப்பு சப்மிஷனுக்கும் 20 நிமிடம் அபராதம். இந்தியாவில் முதலில் ஆன்லைன் சுற்று. அதில் தேறினால் ரீஜினல், அதாவது மண்டலச் சுற்று. ரீஜினல் நடந்துவரும் இடங்களில் ஒன்றான அமிர்தபுரி கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போவதைவிட நமக்கு மிகப் பக்கம்.

அணிக்கு ஒரு கோச் வேண்டும், பொதுவாகக் கல்லூரி ஆசிரியர். பதிவு தொடங்கிய பிறகு ஆள் தேடினால் கையெழுத்துக்கே நாள் போய்விடும். செமஸ்டர் தொடக்கத்திலேயே துறையில் ஒருவரிடம் பேசி வையுங்கள்.

மூவரும் ஒரே பாடத்தில் கெட்டியாக இருப்பதைவிட, ஒருவர் கணிதம், ஒருவர் கிராஃப், ஒருவர் பிழையில்லாமல் வேகமாக எழுதுகிறவர் என்று அமைவது நல்லது. பயிற்சியின்போதும் ஒரே லேப்டாப்பை மட்டும் திறங்கள். ஒருவர் டைப் செய்யும்போது மற்ற இருவரும் தாளில் அடுத்த கணக்கை முடித்து வைத்திருக்க வேண்டும். தீர்வு தப்பாக வந்தால் கோடைப் பிரிண்ட் எடுத்து, கீபோர்டை விட்டு எழுந்து, தாளில் தேடுங்கள்; கம்ப்யூட்டர் அடுத்தவருக்குக் கிடைக்கும்.